அம்மை போட்டிருக்கும் வீடு

திருச்சியில் மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நாட்களில், பழைய தெருக்கள் எதற்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருக்கும். பால்காரர் பாத்திரத்தைத் தொடாமல் ஊற்றிவிட்டு நகர்வார். வட்டி வசூலிக்க வந்தவர்கூட ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிடுவார். சமயபுரத்தாள் தன் மக்களுக்காக 28 நாட்கள் பச்சைப் பட்டினி விரதம் இருப்பதும் இந்தக் காலத்தில்தான். அவளுக்கு அப்போது துள்ளுமாவும் பானகமும் இளநீரும் நீர்மோரும்தான் நைவேத்தியம். அம்மை போட்ட பிள்ளைக்கு வீட்டில் கொடுப்பதும் ஏறக்குறைய அவையேதான்.

இந்த வருடம் அந்த வேப்பிலை எங்கள் வீட்டு வாசலில் தொங்கியது. அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளம். பெரியவளுக்குச் சின்னம்மை. எட்டு வயது. வீட்டில் நான்கு வயதில் ஒரு தம்பி, அவர்கள் அப்பா, நான், என் கணவரின் பெற்றோரான அத்தை, மாமா. ஊருக்குள்ளேயே இருக்கும் என் அம்மா வீட்டில் எட்டு மாதக் கர்ப்பிணியாக என் தங்கை.

மற்றவர்களுக்கு ஒட்டாமல் பார்த்துக்கொள்வது என்று வந்துவிட்டால் வீட்டுக்குள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். தனி அறை, தனித் தட்டு, டெட்டால், சாம்பிராணி, முகக்கவசம் என்று பட்டியல் நீளும். இவற்றில் சிலவற்றால் பயன் உண்டு, சிலவற்றால் மனநிறைவு மட்டும் உண்டு. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது, நமக்கு வந்திருக்கிறது என்று பிறரிடம் சொல்லிவிடுவது. அதைத்தான் நாம் இப்போது செய்யாமல் விடுகிறோம். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான்.

சின்னம்மை வைரஸின் போக்கு தெரிந்தால் இது விளங்கும். உடம்புக்குள் நுழைந்து 10 முதல் 21 நாட்கள் வரை ஒன்றுமே தெரியாது. பெரும்பாலும் இரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் காட்டும், முத்து போடும். ஆனால் முதல் முத்து தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அந்தப் பிள்ளை மூச்சு விடும் காற்றிலேயே வைரஸ் பரவத் தொடங்கிவிடுகிறது. கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை அது நிற்பதில்லை. எதிர்ப்பாற்றல் இல்லாத பத்துப் பேர் ஒரே வீட்டில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றக்கூடிய நோய் இது. ஆக, தனி அறையில் பாய் விரிக்கும் நேரத்தில் அந்த அறைக்கு வெளியே போக வேண்டியது ஏற்கெனவே போய்விட்டிருக்கிறது. பெரியவள் அந்த ஞாயிற்றுக்கிழமை என் அம்மா வீட்டில் இருந்தாள். மதியம் முழுவதும் சித்தி மடியில் தலை சாய்த்துக் கிடந்தாள். சித்திதான் அவளுக்குத் தலை வாரிப் பின்னல் போட்டுவிட்டாள். திங்கட்கிழமை இரவு காதுக்குப் பின்னால், அந்தப் பின்னலை அவிழ்க்கும்போதுதான், முதல் முத்தைப் பார்த்தேன்.

ஒரு சிவந்த புள்ளி. அதன் நடுவில் தண்ணீர் கோத்த ஒரு சின்னக் கொப்புளம், தோல் அத்தனை மெல்லியது, விளக்கு வெளிச்சத்தில் உள்ளே இருப்பது தெரிந்தது. வயிற்றில் வெறும் சிவப்பாக இரண்டு. காலையில் பார்த்தால் தலைமயிருக்குள்ளும் முதுகிலும் வாய்க்குள்ளும் இருந்தன. அடுத்தடுத்த நாட்களில் ஒரே உடம்பில் புள்ளியும் கொப்புளமும் பொருக்கும் கலந்து நின்றன. பெரியம்மையில் எல்லாம் ஒரே பருவத்தில் இருக்குமாம். மாமா தன் இடது கையில் இருக்கும், பள்ளிக்கூடத்தில் அம்மை குத்திய தழும்பைக் காட்டி, அந்த நோய் வந்த வீடுகளைப் பற்றிப் பேரனுக்குச் சொன்னார். 1980-இல் உலகை விட்டே போய்விட்டதாக அறிவிக்கப்பட்ட நோய் அது. தழும்பு இன்னும் அவர் தலைமுறையின் தோளில் இருக்கிறது.

குழந்தை மருத்துவர் அவளைப் பார்த்து முடித்ததும் கேட்ட முதல் கேள்வி மருந்து பற்றியது அல்ல. “கடந்த இரண்டு நாட்களில் இவள் யார் யாரோடு இருந்தாள்? அதில் கர்ப்பிணி உண்டா, கைக்குழந்தை உண்டா, புற்றுநோய்க்கோ சிறுநீரக மாற்றுக்கோ மருந்து எடுப்பவர்கள் உண்டா?” என்று கேட்டார். என் தங்கையைச் சொன்னேன். “அவர்களுக்குச் சின்ன வயதில் வந்திருக்கிறதா?” என்றார்.

அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். எனக்குப் போட்டது அம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தது. “உனக்குப் போட்டதும் இவளைத் தூக்கிக்கொண்டுபோய் லால்குடியில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டோமே” என்றார். அன்று பச்சைக் குழந்தையைக் காப்பாற்ற எடுத்த முடிவு சரியானது. ஆனால் அப்படித் தப்பித்த பிள்ளைகள் வளர்ந்த பிறகும் அந்த நோய்க்கு இடம் வைத்துக்கொண்டே இருப்பார்கள். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில், குளிர் நாடுகளைவிட, சின்னம்மை வராமலேயே பெரியவர்களாகிறவர்கள் அதிகம். பெரியவர்களுக்கு வந்தால் அது பிள்ளைகளுக்கு வருவது போலச் சும்மா வந்து போவதில்லை. நுரையீரலில் இறங்கலாம். கர்ப்பிணிக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்பு வரைக்குள் தாய்க்கு முத்து போட்டால், தாயின் எதிர்ப்பாற்றல் கிடைக்காமலே வைரஸ் மட்டும் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பிறந்த குழந்தையின் உயிருக்கே அது ஆபத்து.

தங்கை அன்று மாலையே ரத்தப் பரிசோதனைக்குப் போனாள். எதிர்ப்பாற்றல் இல்லையென்றால், தொற்றுக்கு ஆளான 10 நாட்களுக்குள் எதிர்ப்புப் புரதம் கொண்ட ஊசி போட வேண்டும். அது எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைப்பதல்ல, விலையும் அதிகம். என் தங்கையின் கணவர் முடிவு வருவதற்கு முன்பே அது எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வைத்திருந்தார். முடிவு வந்தபோது எதிர்ப்பாற்றல் இருந்தது. லால்குடியிலோ வேறெங்கோ, யாரும் கவனிக்காத நாலைந்து முத்துகளோடு அவளுக்கு அது வந்து போயிருக்க வேண்டும். எங்கள் குடும்பத்துக்கு நல்லதாக முடிந்தது. திங்கள் இரவு கண்டதைச் செவ்வாய்க் காலையில் அவளிடம் சொல்லாமல் இருந்திருந்தால், முடிவு வேறு மாதிரி இருந்திருக்கும் பட்சத்தில் அந்த 10 நாள் கைநழுவிப் போயிருக்கும்.

வீட்டுக்குள் சொல்வது எளிது. வெளியே சொல்வதில்தான் சங்கடம். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதப் போகிறேன் என்றதும் என் கணவர் தயங்கினார். “பரீட்சை நேரம். பயந்துவிடுவார்கள். அவளை நாளைக்குக் கூடப் பிள்ளைகள் விளையாடச் சேர்க்காமல் போய்விட்டால்?” என்றார். அவர் தயக்கத்தில் நியாயம் இருந்தது. 2020-ஐ யாரும் மறக்கவில்லை. அந்த வருடம் கொரோனா வந்த வீடுகளின் கதவில் மாநகராட்சி ஒட்டிய தாள்களையும், தெருவை அடைத்து நிறுத்திய தகரங்களையும் பார்த்தோம். நோய் தீர்ந்த பிறகும் அந்த வீட்டுக்காரர்களைப் பார்த்தால் மாடிப்படியில் ஒதுங்கி நின்றவர்களையும் பார்த்தோம். தாள் ஒட்டப்பட்ட வீட்டார் தீண்டத்தகாதவர்களாக நடத்தப்படுகிறார்கள் என்று உச்ச நீதிமன்றமே கவலைப்பட்டது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் தகுந்த அதிகாரி தனியாக உத்தரவிட்டாலொழிய அப்படி ஒட்டக் கூடாது என்று அந்த வருட டிசம்பரில் தீர்ப்பும் சொன்னது.

அந்தத் தாளையும் வாசல் வேப்பிலையையும் நான் பல நாட்கள் மனத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டும் சொல்லும் சேதி ஒன்றுதான்: உள்ளே வராதீர்கள். ஆனால் வேப்பிலையை அந்த வீட்டார் தாங்களே தங்கள் கையால் கட்டுகிறார்கள். அதைப் பார்ப்பவர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். படுத்திருக்கும் பிள்ளைக்கு அந்த நாட்களில் வீட்டில் ஒரு மரியாதை கூடுகிறது. அதட்ட மாட்டார்கள், கேட்டதைக் கொடுப்பார்கள். நோயாளியைக் குற்றவாளியாக்காமல் ஊரைத் தள்ளி நிற்க வைக்கும் வழியை நம் பாட்டிமார்கள் வைத்திருந்தார்கள். அதை நாம் மூடநம்பிக்கை என்று தள்ளினோம், அல்லது அடுக்குமாடியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டோம். அதன் இடத்தில் வேறு எதையும் வைக்கவும் இல்லை.

பள்ளியில் நடந்தது அதற்குச் சாட்சி. இரண்டு வாரத்துக்கு முன்னால் அவள் வகுப்பில் ஒரு பிள்ளை ‘காய்ச்சல்’ என்று விடுப்பில் இருந்திருக்கிறது. அது சின்னம்மைதான் என்று சில பெற்றோருக்குத் தெரியும், வகுப்பாசிரியருக்கும் தெரியும். வகுப்புக்கு ஒரு வரி அறிவிப்பு வரவில்லை. வந்திருந்தால் சின்னவனுக்குச் சின்னம்மைத் தடுப்பூசியின் இரண்டாம் தவணையை அப்போதே போட்டிருப்பேன், ஞாயிற்றுக்கிழமை இவளைத் தங்கை மடியில் படுக்க விட்டிருக்க மாட்டேன். அந்தப் பெற்றோர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆண்டுத் தேர்வு நெருங்கும்போது பிள்ளையைத் தனியாக்கிவிடுவார்களோ என்ற பயம் யாருக்கும் வரும். அறிவிக்க வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு பேசாமல் இருந்தவர்கள் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. பெயரே குறிப்பிடாமல், ‘இந்த வகுப்பில் ஒரு குழந்தைக்குச் சின்னம்மை’ என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

கடைசியில் நான் எழுதியது இது:

“எங்கள் மகளுக்குச் சின்னம்மை, திங்கள் இரவு தெரிந்தது. சனி மாலை கீழே பிள்ளைகளோடு விளையாடினாள். மூன்றாம் தளத்தில் புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தாள். திங்கள் லிஃப்டில் வந்தாள். கர்ப்பிணிகள், ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ளவர்கள், ஸ்டீராய்டு, கீமோ, மாற்று உறுப்பு மருந்து எடுப்பவர்கள் தயவுசெய்து இன்றே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். சின்னம்மையும் வராத, ஊசியும் போடாதவர்கள் மூன்று நாளுக்குள், அதிகம் போனால் ஐந்து நாளுக்குள், ஊசி போட்டுக்கொண்டால் வராமல் தடுக்க வாய்ப்பு உண்டு. பொருக்கு முழுவதும் காயும் வரை நாங்கள் அவளை வெளியே அனுப்ப மாட்டோம். எதுவானாலும் என்னைக் கூப்பிடுங்கள்.”

நோயின் பெயர், தெரிந்த நாள், முந்தைய இரண்டு நாள் போன இடங்கள், யார் கவனமாக இருக்க வேண்டும் என்பது. இந்த நான்கும் இருந்தால் போதும். ‘ஜாக்கிரதையாக இருங்கள்’ என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் உதவாது. சில வீடுகள் பதிலே போடவில்லை. ஒருவர் லிஃப்டுக்கு மருந்து அடிக்கலாமா என்று கேட்டார். முதல் தளத்து அக்கா இளநீர் இரண்டு கொண்டுவந்து கதவோரம் வைத்துவிட்டுப் போனார். மூன்றாம் தளத்திலிருந்து அழைப்பு வந்தது. புத்தகம் வாங்கிக்கொண்ட பிள்ளையின் தாத்தாவுக்குச் சிறுநீரக மாற்று நடந்திருக்கிறது, இத்தனை வருடமாக ஒரே கட்டடத்தில் இருந்தும் எனக்கு அது தெரியாது. அவர்கள் அன்றே மருத்துவரிடம் பேசினார்கள். முன்னெச்சரிக்கையாக வைரஸ் எதிர்ப்பு மாத்திரை எழுதித் தந்தார்கள். அவருக்கு ஒன்றும் வரவில்லை.

வீட்டுக்குள் நடந்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். அத்தைக்கும் எனக்கும் ஒத்துப்போன விஷயங்கள் பல. அவர் வீட்டில் தாளிக்கவில்லை, எண்ணெய்ச் சட்டியை ஏற்றவில்லை. கமறும் வாசனை இல்லாதது வாய்ப்புண்ணோடு கிடந்த பிள்ளைக்கு இதமாகத்தான் இருந்தது. வெளியார் வரவில்லை, நாங்களும் ஒரு விசேஷத்துக்கும் போகவில்லை. தங்கையின் வளைகாப்பும் அந்த நாட்களுக்குள்தான் வந்தது. எனக்கு ஏற்கெனவே வந்து போனதால் நான் போவதால் யாருக்கும் ஒட்டாது என்று மருத்துவர் சொன்னார். ஆனாலும் அம்மை போட்ட வீட்டிலிருந்து மங்கல காரியத்துக்குப் போவதில்லை என்பது அத்தையின் வழக்கம். வளையல்களைத் தங்கையின் கணவர் வீட்டு ஆட்களிடம் கொடுத்தனுப்பிவிட்டு, அவள் கையில் ஒவ்வொருவராக அடுக்குவதைக் கைப்பேசியில் பார்த்தேன். வருத்தமாகத்தான் இருந்தது.

ஒத்துப்போகாதது குளியல். அம்மை இறங்கி முறைப்படி தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை உடம்பில் தண்ணீர் படக் கூடாது என்பது வழக்கம். வியர்வையும் அழுக்கும் சேர்ந்தால் கொப்புளத்தில் சீழ் பிடிக்கும், தினமும் வெதுவெதுப்பான நீரில் உடம்பைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது மருத்துவம். பங்குனி வெயிலில் திருச்சியில் குளிக்காமல் ஒரு பிள்ளையைப் படுக்க வைப்பது கொடுமை. நான் அத்தையிடம் வாதாடவில்லை. “வேப்பிலை போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரில் தினமும் துடைத்துவிடலாமா அத்தை?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “துடைப்பது ஊற்றுவதில் சேராது” என்று சொல்லிவிட்டு, தானே அண்டாவை மொட்டை மாடிக்கு எடுத்துக்கொண்டு போனார். கடைசியில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, முறைப்படி தலைக்கு ஊற்றியதும் அவர்தான். நகத்தை ஒட்ட வெட்டினேன். அரிப்புக்குக் கேலமைன் பூசினேன். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின் சின்னம்மையோடு சேர்ந்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும் ரெய் நோய் வரலாம் என்பதால் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. ஐபுபுரோஃபனும் வேண்டாம் என்றார் மருத்துவர்.

மாமாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. போன வருடம் அவருக்கு விலாவில் அக்கி வந்து, குயவரிடம் போய்க் காவியால் எழுதிக்கொண்டு வந்தார். இப்போது பேத்தியிடமிருந்து தனக்கு மறுபடி வருமா என்று பயந்தார். அக்கியும் இதே வைரஸ்தான். சின்ன வயதில் வந்த அம்மை இறங்கினாலும் வைரஸ் நரம்பு வேர்களில் பதுங்கிக் கிடக்கிறது, வயதாகி உடம்பு தளரும்போது அந்த நரம்பின் வழியே வெளியே வருகிறது. பேத்தி அவருக்கு அக்கியைக் கொடுக்க முடியாது. அக்கிக் கொப்புளத்தின் நீர் பட்டால், அம்மை வராத பிள்ளைக்கு அம்மை வரலாம். இதை அறிந்தவர்கள் குறைவு. அக்கி வந்த தாத்தா மடியில் கைக்குழந்தையைப் போடும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

சின்னவனுக்கு 15 மாதத்தில் முதல் தவணை போட்டிருந்தோம். இரண்டாவதை மருத்துவர் அன்றே போட்டார். இரண்டு வாரம் கழித்து அவனுக்கும் வந்தது. விரல்விட்டு எண்ணும் அளவு முத்துகள், காய்ச்சல் இல்லை, மூன்றே நாளில் காய்ந்தது. அக்காவின் முதுகைப் பார்த்தவர்கள் அவன் முதுகைப் பார்த்து நம்பவில்லை. இந்த ஊசியை உருவாக்கியவர் ஜப்பானின் மிச்சியாக்கி தகாஹாஷி. 1964-இல் அவர் அமெரிக்காவில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது மூன்று வயது மகனுக்குச் சின்னம்மை கடுமையாக வந்து, இரவெல்லாம் மூச்சுக்குத் திணறிய பிள்ளையின் பக்கத்தில் அவரும் மனைவியும் விழித்திருந்தார்கள். பத்து வருடம் கழித்து, 1974-இல் அவர் தடுப்பூசியை வெளியிட்டார். ஓக்கா என்ற குடும்பப் பெயர் கொண்ட ஒரு சிறுவனின் கொப்புள நீரிலிருந்து எடுத்து வலுவிழக்கச் செய்த வைரஸ் அது. உலகின் பெரும்பாலான நாடுகளில் இன்றும் அந்த ஓக்கா வழி வந்த ஊசியைத்தான் போடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்குத்தான் நான் முதலில் தொலைபேசியில் சொன்னது, வாட்ஸ்அப் குழுவுக்கும் முன்னால். சம்பளம் பிடிக்க மாட்டேன், பொருக்கு காயும் வரை வர வேண்டாம் என்றேன். அவர் வீட்டில் மருமகள் பிள்ளை பெற்று மூன்று மாதம். ஒற்றை அறை வீடு, தனி அறைக்கு வழியே இல்லை. குழந்தைக்கு ஊசி போடலாமா என்று அவர் கேட்டார். தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் இலவச ஊசி உண்டு. சின்னம்மைக்கு இல்லை. தனியாரிடம் ஒரு தவணைக்கு 2,000 ரூபாயை ஒட்டி ஆகும், இரண்டு தவணை வேண்டும். குழந்தை மருத்துவர்கள் சங்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிந்துரைக்கும் ஊசி, ஒற்றை அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டுப் பிள்ளைக்குத்தான் கிடைக்காமல் போகிறது. தொற்று வேகமாகப் பாய்வதும் அந்த வீட்டில்தான்.

அவருடைய பேரனுக்கு 15 மாதம் நிறைவது அடுத்த வருடம் சித்திரையில். இரண்டு தவணைக்கும் நாங்கள் பணம் கொடுப்பதாகப் பேசி, தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டோம். அவர் தெருவில் அந்த வயதில் இன்னும் நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொன்னார். அந்தப் பெற்றோரோடு சேர்ந்து, சின்னம்மையை இலவசப் பட்டியலில் சேர்க்கக் கோரி மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமை மனுநாளில் கொடுக்க ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.